பார்க்காமல் சுடுகிறவன்

“மேட்சை யார்கிட்ட வித்தே? அதை மட்டும் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கோகுல்நாத் கேட்டுவிட்டான். எதிரே கட்டிலில் இருந்த பெனிட்டோ சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

அம்பத்தூர் சந்துகளில் இந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கோகுல்நாத்துக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. செல்போனில் துப்பாக்கிச் சண்டை ஆடும் ஒரு தொழில்முறை அணிக்கு அவன் மேனேஜர். அணியில் நாலு பேர். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம், முகம் கேமராவில் தெரிந்தால் போதும் என்பது அந்த லீக்கின் விதி.

நாலு பேரில் நட்சத்திரம் பெனிட்டோதான். யாரென்றே தெரியாமல் இருந்த பையன், ஒரே சீசனில் பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் விளம்பரப் பலகையில் நின்றான். அவன் ஆடிய அழகு அப்படி. குனிந்து போனைப் பார்க்கவே மாட்டான். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ரசிகர்களோடு அரட்டை அடித்துக்கொண்டே எதிரிகளைச் சாய்ப்பான். ‘பார்க்காமல் சுடுகிறவன்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி பாதிக்குப் பிறகு அந்தப் பெயர் கந்தலாகிவிட்டது. களத்தில் இறங்கிய கையோடு சாகிறான். ஒரு மேட்சில் அல்ல, எல்லா மேட்சிலும். விளம்பரப் பலகையில் இப்போது வேறு யாரோ பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“உன் பழைய வீடியோவையும் புது வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன்” என்றான் கோகுல்நாத். “முன்னாடி போனைப் பார்க்காமயே அடிச்சே. இப்ப குனிஞ்ச தலை நிமிராம போனையே பார்க்கறே, ஒருத்தன்கூட விழ மாட்டேங்கறான். பார்க்காம அடிச்சவனுக்குப் பார்த்தா அடிக்க வராதா? வேணும்னே தோக்கறே.”

“இல்ல ப்ரோ. சத்தியமா எனக்கு ஆட வரல.”

“யாருக்கு? உனக்கா?”

பெனிட்டோ நகத்தைக் கடித்தான். கோகுல்நாத்துக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. தப்புப் பண்ணாதவன் இந்நேரம் சண்டைக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

“நசரத்பேட்டைல ஃபிளாட் எடுத்து எல்லாரும் ஒண்ணா இருந்து ஆடலாம்னேன். மத்த மூணு பேரும் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. நீ மட்டும் வீட்டை விட்டு நகர மாட்டேன்னே. அப்படி இங்க யார் இருக்கா? யார் சொல்லித் தோக்கறே?”

பெனிட்டோவின் பார்வை ஒரு நொடி சமையலறைப் பக்கம் போய்வந்தது. கோகுல்நாத் அதைப் பிடித்துக்கொண்டான். விருட்டென்று எழுந்து எட்டிப் பார்த்தான்.

உள்ளே காவிப் புடவையில் பெனிட்டோவின் அம்மா ஆரோக்கியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

“வா தம்பி, டீ போடட்டுமா?” என்றாள்.

“வேணாம்மா.” அசடு வழியத் திரும்பி வந்தவன், அந்தக் கோபத்தையும் பையன் மேலேயே காட்டினான். “போனை எடு. என் கண் முன்னாடி ஒரு ஆட்டம் ஆடு.”

பெனிட்டோ ஆடினான். அதை ஆட்டம் என்று சொல்வதே பாவம். ஒரு சுவரைப் பார்த்துப் படபடவென்று சுட்டான். குண்டு தீர்ந்தது. பின்னால் வந்தவன் நிதானமாக அவனைச் சுட்டுவிட்டுப் போனான். சமையலறை வாசலில் வந்து நின்ற ஆரோக்கியம்மாள் ‘ச்சு’ கொட்டினாள்.

“நடிப்பு பிரமாதம்” என்றான் கோகுல்நாத். “நாளைக்கு லீக்குக்கு ரிப்போர்ட் போகுது. ஆயுசுக்கும் நீ போனைத் தொட முடியாது. அணியையும் கலைச்சிடுவாங்க, என் வேலையும் காலி. உன்னை நம்பின பாவத்துக்கு மத்த மூணு பேரும் தெருவுல நிக்கணும்.”

பெனிட்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “எம்மா, ஒரே ஒரு தபா மனசு எறங்கேன்மா.”

“முடியாது நைனா. ஆண்டவர்கிட்ட வாக்குக் குடுத்துகீறேன். அத மீற மாட்டேன்.”

கோகுல்நாத்துக்குப் பொறி தட்டியது. ஆக, அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் வேறு. குடும்பமே கூட்டு. பார்த்தால் பாவமாக இருந்த அந்த முகத்தைக்கூட இனி நம்ப அவன் தயாராக இல்லை.

“அம்மா, நீங்க மறைக்க மறைக்க இவனுக்குத்தான் கெடுதல். இதுக்குப் பின்னால இருக்கிறது யாருன்னு ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க. இவனை மன்னிச்சு விடச் சொல்லி லீக்காரங்க கால்ல விழுந்தாவது நான் கேக்கறேன்.”

ஆரோக்கியம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எம்புள்ள எதையும் விக்கல தம்பி. அவன் நெசமாவே அவ்ளோதான் ஆடுவான்.”

“அப்ப போன சீசன் பூரா ஆடினது?”

“நாந்தான். அவன் கேமராவப் பாத்து சிரிச்சுகினு இருப்பான், நான் கீழ ஒக்காந்து சுட்டுகினு இருப்பேன். ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம், மனசுக்கு ரொம்பப் புடிச்சது எதுவோ அத உட்டுடுங்கன்னு கோயில்ல சாமியாரு சொன்னாரு தம்பி. அல்லாரும் கறிய உட்டாங்கோ, நான் இத உட்டேன்.”