வெறும் வாயு

"வெறும் வாயுதான் அம்சா. ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்தைக் கிழிச்சுடுவானுங்க" என்று சொல்லி, திருத்தணி வைத்தியர் சுந்தரமூர்த்தி மூன்று நாளாகச் சூரணம் மடித்துக் கொடுத்தார்.

அவள் புருஷன் கஜபதிக்குத் தொப்புளைச் சுற்றியிருந்த வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. காய்ச்சல் கொதித்தது. குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. வயிறு பலகையாக இறுகியதும் அம்சா யாரையும் கேட்கவில்லை. யுத்தத்துக்குப் போகும் சிப்பாய்கள் நெருக்கியடித்த ரயிலில் அவனைக் கிடத்தி அரக்கோணம் கொண்டுபோனாள்.

ஆபரேஷன் முடித்து வந்த டாக்டர் அவள்மேல் எரிந்து விழுந்தார்.

"குடல்வால் வெடிச்சிருக்கு. பொழைப்பானான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும். வலி இடம் மாறினப்பவே கூட்டிகினு வர்றதுக்கென்ன?"

"வரலாம்னுதான் சொன்னேங்க. ஆஸ்பத்திரின்னாலே சாவுன்னு எங்க வைத்தியரு மெரட்டினாரு."

"எந்த வைத்தியர்?"

"சுந்தரமூர்த்திங்க. மலையடிவாரத்துல இருக்காரு."

டாக்டர் தன் வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"போன வருஷம் அவருக்கும் இதே வலிதான். வலி எடுத்த அன்னிக்கே ரயிலேறி ஓடி வந்தாரு. நான்தான் ஆபரேஷன் பண்ணேன்."

அம்சா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"இவரு கண்ணு முழிக்கட்டுங்க. அப்புறம் அந்த ஆளு சட்டையை நான் கிழிக்கிறேன். ஊரே அந்தத் தழும்பைப் பார்க்கட்டும்."