சறுக்குக் குழாயில் இரண்டு கால்கள்

"ஐம்பதைத் தொடுற வயசுல ஒரு மனுஷனுக்குச் சறுக்கு விளையாட்டு கேக்குதா?"

கட்டிங் மாஸ்டர் செல்போனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜைமேல் சாய்த்து வைத்தார்.

தையல் கடையில் அன்று மெஷின்களைவிட வாய்கள்தான் வேகமாக ஓடின. செய்தி அப்படி. பூங்காவில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓர் ஆள் போய் மாட்டிக்கொண்டாராம். தீயணைப்பு வண்டி வந்து, குழாயை அறுத்து அவரை வெளியே எடுத்தார்களாம். பெயரைக் கேட்டால் சொல்லாமல் போய்விட்டாராம். படத்தில் முகம் இல்லை. குழாயின் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் மட்டும்.

அந்தக் கால்களைக் கைராசிக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டில் நடமாடுகிற கால்கள்.

கைராசி என்பது கடையில் வைத்த பெயர். அவள் கை பட்டால் எந்தத் துணியும் உடம்போடு பிறந்தது மாதிரி உட்காரும் என்பார்கள். அன்று மட்டும் ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். குடித்திருப்பான் என்றாள் பட்டன் கட்டுகிறவள். யாரோடாவது பந்தயம் கட்டியிருப்பான் என்றார் மாஸ்டர். பெண்டாட்டிக்குப் பயந்து ஒளிந்திருப்பான் என்றார் இஸ்திரி போடுகிறவர். அதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

"நீ என்ன சொல்றே, கைராசி?"

"எந்தக் கிறுக்கனோ," என்று அவளும் சிரித்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் முழங்கைச் சிராய்ப்பும் கிழிந்த சட்டையுமாக வந்து நின்றவரிடம் அவள் கேட்காத கேள்வி இல்லை. பஸ் டிப்போவில் அத்தனை டிரைவர்களை மேய்க்கிற மனுஷன், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சும்மாதான். ஏறிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் அவள் நம்பிவிட்டாள். நம்பியதால்தான் கோபமும் தாங்கவில்லை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், இனி என்னை அழைத்துப்போகிறேன் என்று கடைப் பக்கம் தலை காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டு, தட்டுகளையும் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மத்தியானம் ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். ஸ்கூல் யூனிஃபார்ம் இடுப்பில் பிடிக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும்.

"பன்னண்டு வயசுதாங்க ஆகுது. எப்படி ஊதிப்போயிட்டா பாருங்க," என்று அந்த அம்மா கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் புது ஆள் கிடைத்த சந்தோஷத்தில் செல்போனை நீட்டினார். அந்த அம்மா படத்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "இவளை மாதிரி ஒரு பூசணிக்காயாத்தான் இருக்கும்," என்று மகளின் தோளைத் தட்டினார்.

பெண்ணின் உதடு துடித்தது. கைராசி அவளை அளவெடுக்கிற சாக்கில் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். போனதுமே அழுகை பொங்கிவிட்டது.

"அம்மா விளையாட்டுக்குத்தானே சொன்னாங்க, கண்ணு."

"அதுக்கு அழலை ஆன்ட்டி. அந்த அங்கிளைப் பாத்து எல்லாரும் சிரிக்கிறாங்களே, அதுக்குத்தான்." பெண் குரலைத் தணித்துக்கொண்டாள். "முதல்ல மாட்டிக்கிட்டது நான்."

கைராசியின் கையில் டேப் அப்படியே நின்றது.

பெண் விக்கி விக்கிச் சொன்னாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறினாளாம். கடைசி வளைவில் இடுப்பு இறுகிவிட்டது. அப்போதுதான் வகுப்புப் பிள்ளைகள் பந்தோடு வந்து பக்கத்தில் ஆட ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே அவர்கள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் ரோடு ரோலர். கத்தினால் ஓடி வந்து பார்ப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். வாக்கிங் வந்த ஒருவர் காதில் அது விழுந்திருக்கிறது. அவர் மேலே ஏறி, அவளுக்குப் பின்னாலேயே குழாய்க்குள் இறங்கி, காலால் மெல்ல மெல்லத் தள்ளிவிட்டிருக்கிறார். அவள் வெளியே வந்துவிட்டாள். அவர் அதே வளைவில் மாட்டிக்கொண்டார்.

"யாரையாவது கூப்பிடறேன்னு சொன்னேன். 'நீ முதல்ல வீட்டுக்குப் போம்மா. கேட்டா, நான்தான் ஆசைப்பட்டு ஏறினேன்னு சொல்லிக்கறேன்'னார். உள்ள நான் இருந்தேன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம்கூடப் பண்ணினார். அவர் யாருன்னே தெரியல ஆன்ட்டி."

கைராசி கையிலிருந்த துண்டுத் துணியால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நானும் யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

வெளியே சிரிப்பு இன்னும் ஓயவில்லை. "ஆம்பளைக்கென்னங்க, துடைச்சுட்டுப் போயிடுவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. "அவன் பொண்டாட்டியை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாளோ."

கைராசி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்கதான் வெச்சிருக்கேன், பாத்துக்குங்க. அவர் என் வீட்டுக்காரர்தான். ஏதோ ஆசைப்பட்டு ஏறிட்டாரு."