பள்ளிக் குழுவுக்கு ஒரு மனு

"பன்னிரண்டாவது முடிச்ச சான்றிதழ் எங்கே?" வெண்டல் நீட்டிய மனுவைப் பார்த்தபடியே கேட்டாள் ஆர்லீன். கென்டக்கியின் அந்தச் சிற்றூரில் தேர்தல் மனுக்களை வாங்குவது அவள் வேலை.

"அது எங்கிட்ட இல்லேன்னு உனக்குத் தெரியாதா, ஆர்லீன்?"

"பள்ளிக் குழுவுக்கு நிக்கணும்னா அது கட்டாயம். சட்டம் அப்படி."

"தனியாப் பரீட்சை எழுதிக் கொண்டு வரேனே?"

"மனு வாங்க இன்னைக்கு நாலு மணிதான் கடைசி."

மணி மூன்றரை ஆகியிருந்தது.

"நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்க. என் பேத்தி தினமும் இருபது மைல் பஸ்ல போகணும். ஏன்னு கேக்கக் குழுவுல ஒரு ஆள் வேணாமா?"

வரிசையில் பின்னால் நின்ற ஹோபர்ட் கிழவர் சிரித்தார். "பதினொண்ணாவதுல பிரின்சிபால் காரைக் குளத்துல இறக்கினவன், பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த வந்துட்டான்யா!"

வெண்டலும் சிரித்தான். "அதுக்குத்தான் பெரியவரே, வெளியே தள்ளிட்டாங்களே! மறுவாரமே மரம் அறுக்கற மில்லுக்குப் போயிட்டேன்."

மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தான். ஆர்லீன் தலை நிமிரவில்லை.

"நீயும் அவனும் ஒரே வகுப்புதானேம்மா? காரை நிஜமாவே அவன்தான் ஓட்டினானா?" என்றார் ஹோபர்ட்.

"அவனுக்கு அப்போ கார் ஓட்டவே தெரியாது." என்றாள் ஆர்லீன். "முங்கின காரிலேர்ந்து என்னை வெளியே இழுத்துப் போட்டு, 'வீட்டுக்கு ஓடு'ன்னு விரட்டினான். பிரின்சிபால் வந்தப்போ கரையில ஈரத்தோட நின்னது அவன் மட்டும்தான். இன்னிவரைக்கும் நான் வாயே திறக்கலை."