ஏழாவது மகனின் பிடி மண்

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே, தொப்பியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சிரீலோ நிற்கிறான். உள்ளே அவன் அம்மாவைக் குழியில் இறக்குகிறார்கள். கயிறு பெட்டியில் உரசும் சத்தம் கதவுவரை கேட்கிறது. வரிசையாகப் பிறக்கும் ஏழாவது ஆண்பிள்ளை, வெள்ளிக்கிழமைகளில் லுயிசோன் என்னும் நாய்முக மிருகமாகிப் பிணம் தோண்டித் தின்னும் என்பது பராகுவேயில் எங்கள் ஊராரின் நம்பிக்கை. இன்று வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலில் செம்மண் கண்ணைக் கூச வைக்கிறது.

"ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போயிடறேண்ணே," என்கிறான் சிரீலோ. கதவைப் பிடித்திருக்கும் மூத்தவன் இலாரியோன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ அடிச்ச கன்னுக்குட்டியையே ஊரு இன்னும் மறக்கல. போயிடு." "அது பாம்பு கடிச்சுல்ல செத்துச்சு?" உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது: "லுயிசோனே சாட்சி சொல்லுதுப்பா!" இழவுக்கு வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

கன்றுக்குட்டியைப் பறிகொடுத்த நீமியா, செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறாள். தலைத்துணியை அவிழ்த்து அவன் முன்னால் விரிக்கிறாள். "இதுல போடு தம்பி. நான் கொண்டுபோய்ப் போடறேன்." பாதையோர மண்ணை அவன் இரு கையாலும் அள்ளிப் போடுகிறான். அவள் சிந்தாமல் ஏந்திப் போய், குழிக்கு மேலே துணியைக் கவிழ்க்கிறாள். சுற்றி நிற்கும் மற்ற அண்ணன்கள் ஐவரும் ஓரடி பின்னால் நகர்கிறார்கள்.