ரெண்டு நாள் உழவு

இலாரியா நாலாவது தடவையும் பெயில்.

இருபதுக்கு ஐந்து. பதினொன்று எடுத்தால் பாஸ். பக்கத்தில் இருந்த அனக்லேத்தோவுக்கு எட்டு. அவரும் பெயில்தான், ஆனால் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய் என்று ஸ்பானிஷில் வரிசையாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. "ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா..." வரை வந்து இலாரியாவின் வண்டி நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, "ஆப்லாமூஸ்" என்றாள்.

"மூஸ் இல்ல கொமாத்ரே, மோஸ்! ஆப்லாமோஸ்!" அனக்லேத்தோ விழுந்து விழுந்து சிரித்தார். "நீ எடுக்கற நேரத்துல மூட்டையில இருக்கற உருளைக்கிழங்கே முளைச்சிடும். உன் மண்டையில மட்டும் ஒண்ணும் முளைக்காது!"

"ஆமா கொம்பாத்ரே" என்று அவளும் சிரித்தாள்.

அவர் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள். அந்த உறவில்தான் இந்தக் கொம்பாத்ரே, கொமாத்ரே எல்லாம்.

எங்கள் மலையில் பிறந்தவர்களுக்கு வாயில் வருவது கெச்சுவாதான். ஸ்பானிஷ் கீழே நகரத்துக்காரர்களின் பாஷை. பன்னிரண்டு பேரோடு ஆரம்பித்த சாயங்கால வகுப்பில் பாஸானவர்கள் போக, சலித்தவர்கள் போக, மிச்சம் இந்த இரண்டு பேர். ஒரே ஓர் ஆளுக்காக வகுப்பு நடத்தக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. இரண்டு பேர் இருந்ததால் நொயெமி டீச்சர் லாரி பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

அனக்லேத்தோ படித்ததைவிட வாதாடியது அதிகம்.

"ஆப்லாமோஸ்னா 'நாம பேசறோமா', 'நாங்க பேசறோமா' டீச்சர்?"

"ஸ்பானிஷ்ல ரெண்டும் ஒண்ணுதான், தோன் அனக்லேத்தோ."

"அதெப்படி? என்னையும் சேத்துக்கிட்டாங்களா, வெளியில நிறுத்திட்டாங்களான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

ஆனால் விளையாட்டுக்கு வந்தவர் இல்லை அவர். கீழே அரெகிப்பா நகரத்தில் பிறந்த பேத்தி யாதிராவுக்குக் கெச்சுவா ஒரு வார்த்தை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் "ஓலா" என்று வணக்கம் மட்டும் சொல்வார். அப்புறம் அவள் கேட்பது புரியாமல் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அவள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"குழந்தை என்னடா சொல்றா?" என்று மகனைக் கேட்டார்.

"தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கலையான்னு கேக்கறாப்பா."

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேத்தி ஜூலை லீவுக்கு ஊருக்கு வருகிறாள்.

இரண்டாவது தடவை பெயிலானபோது, "இந்த வயசுல எனக்கு இதெல்லாம் ஏறாது" என்று நோட்டைத் தூக்கிப் போட்டார். இலாரியாவுக்குத் தன்னைவிடக் குறைவு என்று தெரிந்ததும் தெம்பு வந்துவிட்டது. மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

வந்த தெம்பையும் அவள் மேலேயே காட்டினார்.

"இவளுக்குப் படிப்பும் வராது டீச்சர், வாங்கின ஐனியைத் திருப்பவும் வராது."

எங்கள் ஊரில் வயல் வேலைக்குக் கூலி கிடையாது. இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ. அதுதான் ஐனி. திருப்பாதவர்களை ஊர் லேசில் விடாது. இலாரியாவின் புருஷன் கால் ஒடிந்து கிடந்த வருஷம், அனக்லேத்தோதான் தன் காளைகளைப் பூட்டி இரண்டு நாள் அவள் வயலை உழுதுகொடுத்தார். அவள் திருப்புவதற்குள் அவருக்கு முழங்கால் போயிற்று. நிலத்தை ஊருக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.

"திருப்பிடறேன் கொம்பாத்ரே" என்பாள் இலாரியா, ஒவ்வொரு தடவையும்.

"எப்போ? என்னைப் புதைக்கக் குழி வெட்டறப்பவா?"

ஜூனில் ஐந்தாவது பரீட்சை.

"முதல்ல நீங்க சொல்லுங்க இலாரியா" என்றாள் டீச்சர்.

"அவரு சொல்லட்டும் டீச்சர்."

அனக்லேத்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா... ஆப்லாமோஸ்..."

நின்றுவிட்டார். தொப்பி விளிம்பு அவர் விரல்களில் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் இலாரியா பெஞ்சு நுனிக்கு நகர்ந்தாள்.

"...ஆப்லான்!"

"சரி, பேத்தி வந்ததும் என்ன சொல்வீங்க?"

திக்கித் திணறி ஸ்பானிஷில் சொன்னார்: "யாதிரா, நான் உன்னோடு பேசுகிறேன். தாத்தாவுக்கு உன்னைப் பிடிக்கும்."

டீச்சர் பதினொன்று போட்டாள். அனக்லேத்தோவின் தொப்பி கூரையில் இடித்துக் கீழே விழுந்தது.

"இப்ப நீங்க" என்றாள் டீச்சர்.

இலாரியா எழுந்தாள். மூச்சு விடாமல் கடைசிவரை ஒப்பித்தாள். அதோடு விடவில்லை. போன வாரம் கீழ்ச் சந்தையில் லாரிக்காரன் எடையில் ஏமாற்றப் பார்த்ததையும், தான் அவனைக் கேட்ட கேள்வியையும், ஸ்பானிஷிலேயே கை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தாள்.

இருபதுக்கு இருபது. டீச்சர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

அனக்லேத்தோ குனிந்து தொப்பியை எடுக்கப் போனவர், அப்படியே நின்றார்.

"உனக்கு... எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் பரீட்சைக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாளும் என்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தே?"

இலாரியா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் பாஸாயிப் போயிருந்தா, உங்க ஒருத்தருக்காக டீச்சரை வர விடுவாங்களா? நிலத்தையும் விட்டுட்டீங்க கொம்பாத்ரே, அந்த ரெண்டு நாள் உழவை நான் வேற எங்க வந்து திருப்பறது?"