கட்டி

"அதே கட்டியா, இல்ல புதுசா?" என்று கேட்டாள் மாமியார்.

"தெரியல அத்தை. டாக்டர் பார்த்துட்டுதான் சொல்லணும்."

"இடது பக்கம்தானே?"

மருமகள் தலையை மட்டும் ஆட்டினாள். மருத்துவமனையின் மூன்றாவது மாடி. வரிசையாக இரும்பு நாற்காலிகள். எதிரே இருந்த பெண்மணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவாப் பேசுங்க அத்தை."

"எதுக்குடி மெதுவா? திருடிட்டா வந்திருக்கோம்?" என்ற மாமியார், எதிரே இருந்தவளிடமே சொல்ல ஆரம்பித்தாள். "என் மருமக. ஏழு வருஷத்துக்கு முன்னாடி மார்ல கட்டி. புற்றுநோய்க் கட்டி! மூணாம் நாள் எழுந்து நடந்துட்டா. ஒரு முடி கொட்டல."

"கொடுத்து வச்சவங்க" என்றாள் அவள்.

மருமகளுக்குக் காது மடல்வரை சுட்டது.

ஏழு வருடங்களுக்கு முன் அந்த மார்பில் கட்டி இல்லை. எதுவுமே இல்லை என்பதுதான் அவள் குறை. பள்ளியில் அவளுக்குப் 'பலகை' என்று பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் கூடவே வந்தது. ஒருநாள் முடிவு செய்து, இரண்டு பக்கமும் சிலிகான் பை வைத்துக்கொண்டாள். கணவனுக்குத் தெரியும். அவன் அம்மாவிடம் என்ன சொல்வது?

"கட்டி எடுக்கணும்னு சொல்லிடலாம்" என்றவன் அவன்தான்.

வெறும் கட்டி என்றுதான் சொன்னார்கள். மறுநாளே அது மாமியார் வாயில் புற்றுநோய் ஆகிவிட்டது. இல்லை என்றால் பின்னே என்ன என்று கேட்பாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மாமியார் பள்ளிச் சீருடை தைப்பவள். பள்ளி திறக்கும் சமயம். வெட்டி வைத்த துணியை அப்படியே மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, ஒரு மாதம் மருமகளுக்குத் தலை வாரினாள், ஊட்டினாள், குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றாள். ஒரே ஒரு முறை அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கட்டியை எடுத்தா குறையணும். உனக்கு ரெண்டு இஞ்ச் கூடியிருக்கேடி?"

"வீக்கம் அத்தை."

அந்த வீக்கம் ஏழு வருடமாக வடியவில்லை. மாமியாரும் அதன் பிறகு கேட்கவில்லை.

இன்று காலை மருமகள் கிளம்பியபோது, யாரும் கூப்பிடாமலே மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நர்ஸ் அழைத்தாள்.

"நானும் உள்ள வரேன்" என்று எழுந்தாள் மாமியார்.

"வேணாம் அத்தை. ஒருத்தரைத்தான் விடுவாங்க."

டாக்டர் அழுத்திப் பார்த்தார். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பையைச் சுத்தி உறை மாதிரி வளர்ந்து இறுகிப்போச்சு. அதான் இவ்வளவு கட்டியா இருக்கு."

மருமகள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். கட்டின்னு சொன்னீங்களே, அதான்."

"மறுபடி ஆபரேஷன்தான். எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம். இல்ல, எடுத்துட்டு அப்படியே விட்டுடலாம். விட்டா, பழைய மாதிரியும் இருக்காது, தோல் கொஞ்சம் தொங்கும். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா?"

"மாமியார் இருக்காங்க."

"அதிர்ஷ்டசாலி நீங்க."

மேல்சட்டைப் பொத்தானைப் போட அவளுக்கு நேரமாயிற்று. புதுசு வைப்பதா, விட்டுவிடுவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். மாமியார் கையால் இன்னொரு மாதம் இந்தப் பொய்க்கு ஊட்டிக்கொள்ள முடியாது. இன்றே சொல்லிவிட வேண்டும்.

வெளியே எதிர் நாற்காலி காலியாகியிருந்தது. அதுவே ஒரு தைரியம்.

"என்னடி சொன்னாங்க? புதுசா?"

"அத்தை, திட்டுங்க, அடிங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டு அடிங்க."

"என்ன பீடிகை?"

"எனக்குக் கட்டி இல்ல. அன்னைக்கும் இல்ல."

மாமியார் புரியாமல் பார்த்தாள்.

மருமகள் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். எடுக்கவில்லை, வைத்துக்கொண்டாள். நோய்க்காக இல்லை, அழகுக்காக. புற்றுநோய் என்று மாமியார் சொன்னபோது மறுக்க வெட்கமாக இருந்தது. நாளாக நாளாகச் சொல்வது இன்னும் வெட்கமாகிவிட்டது.

"நீங்க ஊட்டினப்பல்லாம் தொண்டையில நின்னுச்சு அத்தை. உங்க பையனைத் திட்டாதீங்க. வேணும்னு பண்ணினது நான்."

நல்ல அறை ஒன்று விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாமியார் பேசியபோது குரல் தணிந்திருந்தது. இவ்வளவு மெதுவாகக்கூட அவளுக்குப் பேச வரும் என்று மருமகளுக்கு அதுவரை தெரியாது.

"அப்போ, மருந்து இல்லாம, புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பாங்களே, அதுவும் இல்லாம, மூணாம் நாள் உனக்குக் குணமாச்சே..."

"குணமாக அங்க ஒண்ணுமே இல்ல அத்தை."

மாமியார் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மருமகளின் கையை எடுத்துத் தன் வலது அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

விரல்களுக்கு அடியில் கல் மாதிரி ஒன்று நகராமல் இருந்தது.

"ரெண்டு வருஷமா இருக்குடி" என்றாள் மாமியார். "உனக்கு மூணே நாள்ல போச்சேன்னு, நான் பயப்படாம விட்டுட்டேன்."