உருண்டை இல்லாத கரண்டி

வாசு கொண்டுவந்த மரக்கரண்டியைப் பார்த்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயமே சிரித்தது. காம்பில் கூண்டு இருந்தது. கூண்டுக்குள் ஒன்றுமே இல்லை.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லையா தொண்டையை மூன்று முறை கனைத்தார். விடிகாலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும்போதும் அப்படித்தான் கனைப்பார்.

"கூண்டைக் கட்டிட்டுக் கோழி வாங்க மறந்துட்டியாடா?"

எல்லாம் பங்களா சமையல்காரர் நடராஜா ஆரம்பித்து வைத்தது. ஊருக்குத் திரும்பிப் போன பழைய துரை வேல்ஸ்காரர். அவர் சுவரில் ஒரு மரக்கரண்டி மாட்டி வைத்திருந்தாராம். அவர்கள் ஊரில் பையன் ஒரே கட்டையில் கரண்டி செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பானாம். அவள் வைத்துக்கொண்டால் சம்மதம், திருப்பிக் கொடுத்தால் இல்லை. காம்பில் ஒரு கூண்டு, அதற்குள் உருளும் உருண்டைகள். எத்தனை உருண்டையோ அத்தனை பிள்ளை வேண்டும் என்று அர்த்தமாம். இதை நடராஜா துரை மாதிரியே மூக்கால் பேசிக் காட்டுவார்.

பையன்களெல்லாம் கரண்டி செதுக்க உட்கார்ந்ததில், அந்த எண்பத்து மூன்றாம் வருஷம் தோட்டத்தில் அடுப்பெரிக்கக்கூட ரப்பர் கட்டை கிடைக்கவில்லை.

செதுக்கிய கரண்டியெல்லாம் போனது ஒரே வீட்டுக்கு. பேக்டரி வேலைக்குப் போகும் ரமணியின் வீட்டுக்கு.

அர்ஜுனன் கரண்டியில் ஐந்து உருண்டை. ஆட்டினால் கிலுகிலுப்பைதான். ரமணி திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்று உருண்டைக்காரன் வந்தான், அவனும் திரும்பினான். இரண்டோடு வந்தவனுக்கும் அதே கதி.

பேக்டரீ சம்பளம் பேசுதூ என்று தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் நல்லம்மாள் இழுத்து இழுத்துச் சொன்னாள். ரமணிக்கு இருபத்தாறு முடியப்போகிறது. அவள் அம்மா சின்னத்தாய் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள்.

வாசு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். ரமணி வேண்டாம் என்றால் அடுத்த வாரமே ஜொகூருக்கு வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியோடு வந்து நின்றான்.

நடராஜா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருண்டை இல்லாமல் கொடுத்தால் செல்லாது லா என்றார். உடைந்துபோச்சா என்று கேட்டார்.

"சரியா வரலண்ணே," என்றான் வாசு, தரையைப் பார்த்தபடி.

தன்னிடம் ஐந்து இருக்கிறது, உடைத்து இரண்டு தரட்டுமா என்று அர்ஜுனன் அக்கறையாகக் கேட்டான். மறுபடியும் லயம் சிரித்தது.

ரமணி வாசல்படி இறங்கி வந்து கரண்டியை வாங்கினாள். காதருகே வைத்து ஆட்டினாள். சத்தம் இல்லை. கூண்டுக்குள் விரலை விட்டுத் தடவினாள். உள்பக்கம் பிசிறு இல்லாமல் வழவழவென்று இருந்தது.

வாசுவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை.

மண்டோருக்குக் கனைப்புக்கூட வரவில்லை. ஒழுங்காக ஒரு கரண்டி செய்யத் தெரியாதவனைப் போய்ப் பிடித்திருக்கிறதே என்று நல்லம்மாள் அலுத்துக்கொண்டாள்.

உள்ளே சின்னத்தாய் கதவைச் சாத்தினாள். மகளிடம் குரலை இறக்கிப் பேசினாள்.

"உண்மையச் சொல்றேன்னு இவன்கிட்ட போய் நிக்காத. உனக்குப் பிள்ளை பொறக்காதுன்னு டாக்டர் சொன்னது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். முதல்ல தாலி ஏறட்டும்."

ரமணி கரண்டியை ஆணியில் மாட்டினாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்தப்போ, பஸ்ஸுல வழிநெடுக அதையே சொல்லிச் சொல்லி அழுதியேம்மா. நம்ம பின் சீட்டுல உட்கார்ந்திருந்தது அவருதான்."